ஏழாயிரத்து ஐந்நூறு

ஈசூன் காப்பிக்கடை, மின்விசிறிக்கு நேர்கீழே மேசை.
மகன் நோட்டிலிருந்து கேட்காமல் கிழித்த கட்டத்தாள்
பறக்கப் பார்க்கிறது.
ஒரு மூலைக்குக் கைப்பேசி,
ஒரு மூலைக்கு மிளகாய்ச் சாந்துத் தட்டு.

தெம்பனிஸ் மெத்தைக் கடை:
மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி,
விற்பதில் நூற்றுக்குப் பன்னிரண்டு.
கிளமெண்டி மூக்குக்கண்ணாடிக் கடை:
இரண்டாயிரத்து நானூறு,
நூற்றுக்கு நான்கு.
திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்,
இருவருக்கும்.

நான் விற்கப்போவது எக்ஸ்.
உயர்நிலை மூன்றில் என்னை அழவைத்த அதே எழுத்து
இருபத்திரண்டு வருடம் கழித்து
எவ்வளவு அடக்கமாக வந்து உட்கார்ந்திருக்கிறது,
தள்ளுபடி கேட்க வெட்கப்படும் வாடிக்கையாளர்போல.

அடிக்கோலுக்கு வங்கி அட்டை.
மெத்தைக் கோடு கீழே தொடங்கி
மின்தூக்கிக்குக் காத்திராத பையனாய்ப் படியேறுகிறது.
கண்ணாடிக் கோடு மேலே தொடங்கி
புளோக் வாசலின் சக்கர நாற்காலிச் சரிவுபோல மெல்ல.
இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்
ஏழாயிரத்து ஐந்நூறு.
அவ்வளவு விற்றால் அங்கேயும் இரண்டாயிரத்து எழுநூறு,
இங்கேயும் அதே.
மசே நிதிக்கு ஐந்தில் ஒன்று போனாலும்
கோடுகள் தாழுமே தவிர
அந்த இடம் வலமோ இடமோ நகராது.
ஏனோ அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பழைய ரசீதுகளை எடுத்தேன்.
தூசு உறிஞ்சும் இயந்திரம் விற்ற கடைசி ஆறு மாதம்.
பசித்த ஆவிகளின் மாதத்தில் நாலாயிரத்து நூறு,
யாரும் புதுவீடு போகவில்லை.
சீனப் புத்தாண்டுக்கு ஊரே வீடு பெருக்கியபோது
பதினோராயிரத்து இருநூறு.
கூட்டி, ஆறால் வகுத்தால்
ஏழாயிரத்து நானூற்று எண்பது.
திரும்பக் கூட்டினேன். அதேதான்.

இருபது வெள்ளி குறை.
அதில் நூற்றுக்கு எட்டு:
ஒரு வெள்ளி அறுபது காசு
கண்ணாடிக் கடை கூடுதல்.
ஒரு மாதத்துக்கு. ஒரு வாழ்க்கைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே.
இதோ ஆறிக்கொண்டிருக்கும் இந்த கோப்பி-ஓவின் விலை.

பரிதி இரவு வேலைக்குக் கிளம்பும்போது கேட்டார்:
ஏன், உன்னால் எட்டாயிரம் விற்க முடியாதா?
முடியும்.
ஆவி மாதத்தில்?
அப்போது மெத்தைக் கடை தருவது
இரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
வீவக கடனுக்கோ சாய்வே கிடையாது,
படுத்தே கிடக்கும் கோடு அது.

படுத்துக் கிடப்பது என்றதும் ஞாபகம் வருகிறது.
நேர்முகத்துக்குப் போன அன்று அந்தக் கடையில்
நாற்பது மெத்தை எண்ணினேன்.
நாற்பதுக்கும் நடுவே நின்றுகொண்டிருந்த பெண்
ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி
மற்றக் கணுக்காலில் தேய்த்தாள்.
என்னைப் பார்த்ததும் சட்டென்று மாட்டிக்கொண்டாள்.
கண்ணாடிக் கடையில் சக்கரம் வைத்த முக்காலி ஒன்று இருந்தது.
அதன்மேல் யாருடையதோ பை.
யாருக்கான முக்காலி என்று கேட்கத் தோன்றவில்லை.

இதை எந்த அச்சில் குறிப்பது?

மிளகாய்த் தட்டை நகர்த்திவிட்டு
திருமதி கோவுக்கும் ஹஸ்லினாவுக்கும்
ஒரே குறுஞ்செய்தி அனுப்பினேன்:
வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்
உட்காரலாமா?

ஒருவரிடமிருந்து உடனே:
ஏன், உடம்புக்கு ஏதாவதா?

இன்னொரு கோப்பி-ஓ சொன்னேன்.
இந்த மாத வித்தியாசம் அத்தோடு சரி.
மற்றவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்.
திரையில் மினுக்குகின்றன
மூன்று புள்ளிகள்,
ஒரே நேர்கோட்டில்.